143 அடி என்பது எவ்வளவு தண்ணீர்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நெல்லைச் சீமையில் காலைப் பேப்பரை எடுத்ததும் கண் முதலில் போகிற இடம் அணை நிலவரம். "143 அடி கொள்ளளவு கொண்ட பாபநாசம் அணை", "118 அடி கொள்ளளவு கொண்ட மணிமுத்தாறு அணை" என்று வருஷக்கணக்காக ஒரே வாசகம். டீக்கடையிலும் வயல் வரப்பிலும் அதே வாசகம்தான் புழங்குகிறது. அதில் ஒரு பிழை இருக்கிறது. அடி என்பது உயரம். கொள்ளளவு என்பது கன அளவு. 143 அடி என்பது பாபநாசம் அணையின் உச்ச நீர்மட்டம். அதன் கொள்ளளவு 5,500 மில்லியன் கன அடி, அதாவது ஐந்தரை டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது ஆயிரம் மில்லியன் கன அடி).

சொல் பிழைதானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஏன் முன்கூட்டியே திறக்கவில்லை, ஏன் கடலுக்கு விட்டார்கள், அணையில் பாதித் தண்ணீர் இருக்கும்போது கார் சாகுபடிக்கு ஏன் தரவில்லை என்று நம்மூரில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குழப்பத்தில்தான் வேர் பிடித்திருக்கின்றன. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மலைப் பள்ளத்தாக்கை மறித்துக் கட்டிய அணை தொட்டி மாதிரி இருக்காது. அடியில் ஒடுங்கி, மேலே போகப் போக விரியும். புனலில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் புரியும்: அடிப்பகுதி சட்டென்று ஏறும், மேல்பகுதி ஏறவே ஏறாது. இப்படிப்பட்ட பள்ளத்தாக்கில் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் மொத்தக் கொள்ளளவில் எட்டில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்குவரைதான் இருக்கும். பாபநாசத்தில் 70 அடி என்று பேப்பரில் பார்த்துவிட்டு "பாதி அணை இருக்கு" என்று சொல்பவர், இருப்பதைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரைக் கற்பனை செய்துகொள்கிறார். உச்சியில் இதற்கு நேர் எதிர். 133 அடியில் இருக்கும்போது "இன்னும் பத்து அடிதானே" என்று தோன்றும். அந்தப் பத்தடிக்குள் அணையின் அடித்தளத்தை ஒட்டிய முப்பது நாற்பது அடியைவிட அதிகத் தண்ணீர் பிடிக்கும்.

சேர்வலாறு அணையின் கணக்கு இன்னும் வேடிக்கையாகத் தெரியும். அதன் உச்சம் 156 அடி. பாபநாசத்தைவிட உயரம், ஆனால் கொள்ளளவு 1,225 மில்லியன் கன அடிதான். இரண்டு அணைகளையும் ஒரு சுரங்கக் குழாய் இணைக்கிறது. அதனால் தண்ணீர் அந்தக் குழாய்க்கு மேலே நிற்கும் காலத்தில் இரண்டும் ஒரே ஏரி மாதிரி சேர்ந்தே ஏறி இறங்கும். அளவுகோலின் பூஜ்யம் வேறு வேறு இடத்தில் இருப்பதால்தான் பேப்பரில் சேர்வலாறு ஏறக்குறைய 13 அடி கூடுதலாகத் தெரிகிறது. பாபநாசத்தில் 120 என்றால் சேர்வலாறில் 133 பக்கம். இரண்டு மட்டமும் ஏறுவதை இரண்டு தனிச் செய்தியாக எண்ணி மகிழக்கூடாது. மணிமுத்தாறு 118 அடி, 5,511 மில்லியன் கன அடி. ஆக மூன்று அணையும் முழுதாக நிரம்பினால் சுமார் 12.2 டிஎம்சி.

அதோடு நிற்காமல் இன்னொரு பக்கக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் பதினொரு கால்வாய்களின் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 86,107 ஏக்கர். ஒரு போக நெல்லுக்கு நாற்றங்கால் தொடங்கி அறுப்புவரை மழையும் சேர்த்து சுமார் நாலடி ஆழத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், இந்த ஆயக்கட்டு முழுவதற்கும் ஒரு போகத்துக்கு 15 டிஎம்சி வேண்டும். அணைகள் மூன்றும் தளும்ப நிரம்பினாலும் ஒரு போகம் தேறாது. அப்படியானால் கார், பிசானம் என்று இரண்டு போகம் எப்படி விளைகிறது? ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவக்காற்று பொதிகையில் கொட்டுவதும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவம் கொட்டுவதும் ஓடிக்கொண்டே இருப்பதால். அணை இங்கே பானை மாதிரி வேலை செய்யவில்லை. மழை விடும் இடைவெளியை நிரப்புகிற வேலையைத்தான் செய்கிறது. இருப்பு குறைவான ஆண்டுகளில் காருக்கு மேல்நிலைக் கால்வாய்களுக்கு மட்டும் தண்ணீர் கொடுத்து, கீழே உள்ளவர்களைப் பிசானத்துக்குக் காத்திருக்கச் சொல்வதன் காரணமும் இதுதான். மருதூர்க்காரர்களுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்களுக்கும் இதில் வரும் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை அடிக்கணக்கில் பேசினால் எடுபடாது, டிஎம்சியில் பேச வேண்டும்.

இனி "நீர்வரத்து வினாடிக்கு 2,310 கன அடி" என்று வரும் வரி. அந்த எண்ணை யாரும் நேரடியாக அளப்பதில்லை என்பது பலருக்குத் தெரியாது. காட்டுக்குள் நாலா பக்கமிருந்தும் ஓடைகள் வந்து விழுகின்றன. எல்லாவற்றிலும் கருவி வைக்க முடியாது. ஒரு மணி நேரத்தில் நீர்மட்டம் எவ்வளவு ஏறியது என்று பார்த்து, எந்த மட்டத்தில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லும் அட்டவணையைக் கொண்டு அதைக் கன அளவாக மாற்றி, அந்த நேரத்தில் வெளியே விட்டதைக் கூட்டினால் வருவதுதான் நீர்வரத்து. அதனால் அளவுகோலைப் படிப்பதில் வரும் சின்னத் தவறு பெரிய வெள்ளமாகத் தெரியும். உதாரணத்துக்கு, ஓர் அணையில் உச்சிப் பகுதியில் ஒரு அடிக்கு 80 மில்லியன் கன அடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றில் அலை அடிக்கும்போது லஸ்கர் என்ற அணைப் பணியாளர் டார்ச் வெளிச்சத்தில் ஓர் அடியில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் படித்துவிட்டால், அந்த ஒரு மணி நேர வரத்துக் கணக்கில் 2,222 கன அடி பொய்யாகச் சேரும். இப்படிப் பிழையான ஓர் எண்ணை நம்பி ராத்திரியில் ஷட்டர் திறக்கவும் கூடாது, உண்மையான எண்ணைப் பிழை என்று நினைத்துத் தள்ளவும் கூடாது. அலை அடங்கிய கிணற்றுக்குள் அளவுகோல் வைப்பதும், தானியங்கி அளவியை ஆள் படிப்போடு ஒப்பிடுவதும் அதற்காகத்தான்.

வாய்ப்பாடு ஒன்றே ஒன்று மனதில் இருந்தால் போதும். ஒரு நாள் முழுக்க வினாடிக்கு 11,574 கன அடி ஓடினால் ஒரு டிஎம்சி. எல்லாக் கணக்கும் இதிலிருந்து கிளைக்கும்.

அணை நிலைக்குமா என்ற கேள்விக்கு வருவோம். பாபநாசம் அணை கல்லால் கட்டியது, தன் எடையால் நிற்பது. பின்னால் நிற்கும் தண்ணீர் எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்பதைப் பற்றி அணைச் சுவருக்குக் கவலை இல்லை. ஆழம் மட்டுமே அதைத் தள்ளுகிறது. 100 அடி ஆழத் தண்ணீர் ஒரு மீட்டர் நீளச் சுவரைத் தள்ளும் விசை ஏறக்குறைய 465 டன். 143 அடி ஆழத்தில் அதே ஒரு மீட்டரை 950 டன் தள்ளும். ஆழம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, தள்ளுவிசை இரண்டு மடங்கு, சுவரைக் குப்புறச் சாய்க்கப் பார்க்கும் திருப்புவிசை ஏறக்குறைய மூன்று மடங்கு. "கடைசிப் பத்து அடி" என்று அணைப் பொறியாளர்கள் பதறுவது இந்தக் கணக்கால்தான்.

முன்னால் தள்ளுவதைவிட வஞ்சகமானது அடியில் தூக்குவது. அணைக்கும் பாறைக்கும் நடுவே, பாறை இடுக்குகளில், தண்ணீர் அழுத்தத்தோடு புகுந்து அணையை மேலே தூக்கும். எடையால் நிற்கும் சுவரைத் தூக்கினால் எடை குறைந்த மாதிரிதான். அதற்கு மருந்து இரண்டு. தண்ணீர் நிற்கும் பக்கத்து அடியில் பாறைக்குள் துளையிட்டுச் சிமென்ட் கூழ் செலுத்தித் திரை போடுவது ஒன்று. அதையும் தாண்டி வரும் தண்ணீரை வடிய விடும் துளைகள் இன்னொன்று. இந்த வடிதுளைகள் அணைக்குள்ளே ஓடும் கேலரி என்ற சுரங்க நடையில் வந்து திறக்கும். கேலரிக்குள் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் அது காரையில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்து வெளியே வந்தது. கட்டுமானம் மெதுவாக அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். அதே சுண்ணாம்பு வடிதுளைகளையும் அடைக்கும். கேலரி ஈரமில்லாமல் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, கசிவே இல்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அணை நிரம்பி நிற்கும்போது வடிதுளைகள் காய்ந்திருந்தால் அவை அடைத்துக்கொண்டனவா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். அடைப்பை மறுபடி துளையிட்டு எடுப்பது செலவு குறைந்த வேலை, தள்ளிப்போடக் காரணமே இல்லாத வேலை.

மணிமுத்தாறு வேறு சாதி. 1958இல் முடிந்த இந்த அணையின் பெரும்பகுதி மண்கரை, நடுவில் வழிந்தோடிக்குக் கற்கட்டுமானம். மண்ணணை கல்லணைக்கு இளைத்தது என்ற எண்ணம் தவறு. மண்ணணை நிலம் அமுங்கினால் வளைந்து கொடுக்கும். ஆனால் அதற்கு இரண்டு பரம எதிரிகள்: தலைக்கு மேல் வழியும் தண்ணீர், வயிற்றுக்குள் வழி கண்டுபிடிக்கும் தண்ணீர். முதலாவது வந்துவிட்டால் சில மணி நேரத்தில் கதை முடியும். 1979 ஆகஸ்டில் குஜராத்தின் மச்சு அணை மண்கரை உடைந்து மோர்பி நகரமே அழிந்தது அப்படித்தான்.

இரண்டாவது எதிரி மெதுவாக வேலை செய்யும். எல்லா மண்ணணையும் கசியும், கசிய வேண்டும். கரைக்குள் மணலும் ஜல்லியும் அடுக்கடுக்காக வடிகட்டி போட்டு, கசிவை அணையின் பாதத்தில் உள்ள வடிகாலுக்குக் கொண்டுவருவார்கள். அங்கே வி வடிவில் வெட்டிய தகடு ஒன்றை நட்டு, அதன் வழியே விழும் நீரின் உயரத்தை அளப்பார்கள். 90 பாகை வெட்டு என்றால், வெட்டின் அடிமுனைக்கு மேல் 5 செ.மீ. உயரத்தில் ஓடும் நீர் நிமிஷத்துக்கு சுமார் 46 லிட்டர். 10 செ.மீ. உயரத்தில் நிமிஷத்துக்கு 260 லிட்டர். உயரம் இரட்டிப்பு, கசிவு ஐந்தரை மடங்குக்கும் மேல். அதனால் "அஞ்சு சென்டி கூடியிருக்கு சார்" என்ற தகவலை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தகட்டுக்குச் சற்று முன்னால் நீர் தேங்கி அமைதியாக இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். தகட்டின் மேலேயே ஸ்கேல் வைத்தால் நீர் வளைந்து விழும் இடத்தில் குறைத்துக் காட்டும். தகட்டில் பாசி, சருகு, நண்டு வளை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டு அளக்க வேண்டும்.

அளவைத் தனியாகப் பார்த்தும் பயனில்லை. நீர்மட்டம் ஏறினால் கசிவும் ஏறும், அது இயல்பு. போன வருஷம் அணை 110 அடியில் இருந்தபோது எவ்வளவு கசிந்ததோ, இந்த வருஷம் அதே 110 அடியில் எவ்வளவு கசிகிறது என்பதுதான் கேள்வி. கூடியிருந்தால் உள்ளே வழி பெரிதாகிறது. காரணமில்லாமல் குறைந்திருந்தாலும் வடிகால் அடைத்திருக்கலாம், தண்ணீர் வேறு இடத்தில் வெளியேற வழி தேடிக்கொண்டிருக்கலாம். கரையின் தண்ணீர் இல்லாத பக்கத்துச் சரிவில் கோடையிலும் பசேலென்று ஒரு திட்டு தெரிந்தால் அங்கே போய் மண்ணை அழுத்திப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நிறம் முக்கியம். கசிவு நீரை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தால், காலையில் அடியில் படிவு இருக்கிறதா என்று தெரியும். நிமிஷத்துக்கு 200 லிட்டர் தெளிந்த நீர் வருவது, 20 லிட்டர் கலங்கல் நீர் வருவதைவிட நல்லது. கலங்கல் என்றால் அணையின் மண் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டை வெளியிலிருந்து உள்நோக்கி வளர்ந்து ஏரியைத் தொடும்வரை மேலே எதுவும் தெரியாது.

பாதத்தில் மண்ணைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்று கிளம்பினால் முதலில் தோன்றுவது களிமண்ணைப் போட்டு அடைக்கலாம் என்பது. செய்யவே கூடாத வேலை அது. அடைத்தால் அழுத்தம் இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி உள்ளே நீர் நிற்க விட வேண்டும். நிற்கும் நீரின் உயரம் ஊற்றின் வேகத்தை மட்டுப்படுத்தும். பிறகு பருமணல், அதன்மேல் சிறு ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று போட வேண்டும். தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது. இந்த முறை நம் குளத்துக் கரைகளுக்கும் அப்படியே பொருந்தும். கரைமேல் மரம் வளர்க்க வேண்டாம் என்று சொல்வதும் இதே காரணத்தால்: மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, கரைக்குள் குழாய் போட்ட மாதிரி ஆகிவிடும். கரையான் புற்றும் எலி வளையும் அப்படியே.

மண்ணணையைப் பற்றி இன்னொன்று. "வெள்ளம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே மளமளன்னு காலி பண்ணியிருக்கலாமே" என்பார்கள். பல வாரம் நீரில் ஊறிய கரையின் தண்ணீர்ப் பக்கச் சரிவு, வெளியே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தையும் ஒரு தாங்கலாக வைத்துத்தான் நிற்கிறது. வெளித் தண்ணீர் வேகமாக இறங்கி, உள்ளே ஊறிய நீர் வடிய நேரமில்லாமல் போனால் சரிவு அப்படியே வழுக்கிக்கொண்டு இறங்கும். அதனால் ஒரு நாளில் எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு மண்ணணைக்கும் ஒரு வரம்பு உண்டு.

ஷட்டர்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் சமீப ஆண்டுகளில் தென்னிந்தியாவில் நடந்த விபத்துகள் பெரும்பாலும் அங்கேதான். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு ஷட்டர் உடைந்தது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. 2021 நவம்பரில் ஆந்திரத்தின் அன்னமய்யா அணையில் ஐந்து கேட்டுகளில் ஒன்று வேலை செய்யாத நிலையில் வெள்ளம் வந்து மண்கரை அடித்துப் போனது. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளம் அணையில் ஒரு ஷட்டர் பெயர்ந்து போனது. 2024 ஆகஸ்ட் 10 இரவு துங்கபத்திரா அணையின் 19ஆம் கேட்டின் சங்கிலி அறுந்தது. மாற்றுத் தடுப்பை இறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆனது, அதற்குள் சேர்த்து வைத்த தண்ணீரில் பெரும் பங்கு ஆற்றோடு போனது.

இவற்றில் பல, கல்லும் மண்ணும் நன்றாக இருக்க ஒரு சங்கிலிக் கண்ணியோ இரும்புத் தகடோ துருப்பிடித்ததால் நேர்ந்தவை. துரு முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்: நீர்மட்டக் கோட்டில், எதிர்ப்பாரம் தொங்கும் சங்கிலியின் கண்ணிகளுக்கு உள்பக்கம், கம்பிவடம் கப்பியில் எப்போதும் ஒரே இடத்தில் வளைந்து கிடக்கும் பகுதியில். மேலே பெயின்ட் அடித்தால் அழகாகத் தெரியும், உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். கம்பிவடத்தைத் துணியால் துடைத்து, அறுந்த இழைகளை எண்ணி, கிரீஸ் உள்ளே இறங்கும்படி தடவ வேண்டும். பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு ஷட்டரையும் ஒருமுறையாவது முழு உயரத்துக்குத் தூக்கி இறக்கிப் பார்க்க வேண்டும். மோட்டாரில் தூக்குவது பாதிப் பரிசோதனைதான். மழை ராத்திரியில் முதலில் போவது கரண்ட். ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் வெறுமனே ஓட்டிப் பார்ப்பதும் பரிசோதனை ஆகாது, ஷட்டரின் பாரத்தைக் கொடுத்து ஓட்ட வேண்டும். அதுவும் போனால் கையால் சுற்றித் தூக்க எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்பதும் எழுதி வைத்திருக்க வேண்டிய தகவல். பழுதான ஷட்டருக்கு முன்னால் இறக்கும் ஸ்டாப்லாக் என்ற மாற்றுத் தடுப்பு அணையில் இருக்கிறதா, அதைத் தூக்கும் கிரேன் ஓடுகிறதா என்பது துங்கபத்திராவுக்குப் பிறகு எல்லா அணையிலும் கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்தது வெள்ளத்துக்காக அணையில் காலியாக விட்டு வைக்கும் இடம். மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தை நம்பி நிரம்பும் அணை. கார்த்திகையில் கொஞ்சம் காலியாக வைத்திருந்தால் வெள்ளத்தைத் தாங்கும். மார்கழியில் மழை பொய்த்தால் அதே காலி இடம் நாங்குநேரி, திருச்செந்தூர்ப் பக்கத்தில் ரீச் எனப்படும் கால்வாய்ப் பகுதிகளின் குளங்களுக்குப் பஞ்சமாக மாறும். ஒரு டிஎம்சி இடம் ஒதுக்கி வைப்பது என்றால், நாலடிக் கணக்கில், 5,700 ஏக்கர் நெல்லைப் பணயம் வைப்பது. பொறியாளர் எந்தப் பக்கம் தவறினாலும் திட்டு விழும். இதற்காகத்தான் எந்த மாதம், எந்த வாரம், எந்த மட்டத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்று ரூல் கர்வ் வரைந்து வைக்கிறார்கள். அந்தக் கோடு அலுவலக அலமாரியில் இருந்தால் போதாது, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்போதுதான் "ஏன் திறந்தாய்" என்றும் "ஏன் திறக்கவில்லை" என்றும் ஒரே ஆள் கேட்க முடியாது.

முன்னெச்சரிக்கையாகத் திறப்பதில் நேரம்தான் எல்லாம். மூன்று நாள் முன்னால் தொடங்கினால் வினாடிக்கு 3,858 கன அடி விட்டாலே ஒரு டிஎம்சி இடம் கிடைக்கும். தாமிரபரணிக்கு அது பெரிய நீரோட்டமே இல்லை. ஒரே நாளில் அதே இடத்தை உண்டாக்க 11,574 கன அடி விட வேண்டும். அதையும் விட்டு, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது திறந்தால், கடனாவும் பச்சையாறும் சிற்றாறும் ஏற்கெனவே ஆற்றை நிரப்பியிருக்க, அவற்றின் மேல் இதுவும் ஏறும்.

2023 டிசம்பர் 17, 18இல் நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, மூலைக்கரைப்பட்டியில் 61, மலைமேல் மாஞ்சோலையில் 55. மாஞ்சோலையில் பெய்யும் மழையைப் பிடிக்க மணிமுத்தாறு அணை உண்டு. 100 சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 55 செ.மீ. பெய்து அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடிவந்தால் ஒன்றரை டிஎம்சி, நாள் முழுக்கச் சராசரியே 18 ஆயிரம் கன அடி. உச்ச நேரத்தில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. ஆனால் மற்ற நான்கு ஊர்களும் சமவெளியில், இந்த மூன்று அணைகளுக்கும் கீழே இருக்கின்றன. சமவெளியில் 1,000 சதுர கிலோமீட்டரில் 60 செ.மீ. பெய்தால் விழும் தண்ணீர் 21 டிஎம்சி. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு மூன்றையும் முன்னாலேயே துடைத்துக் காலியாக வைத்திருந்தாலும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு அவற்றுக்குள் போயிருக்காது. அணைத் திறப்பு ஆற்றங்கரையில் எவ்வளவு கூட்டியது என்று கேட்பது நியாயம், கேட்டே ஆக வேண்டும். கோரம்பள்ளம் குளம் உடைந்ததற்கும் காயல்பட்டினம் மூழ்கியதற்கும் மணிமுத்தாறு ஷட்டரில் விடை தேடினால் உண்மையான பழுது அப்படியே கிடக்கும்.

அந்தப் பழுது குளங்களில் இருக்கிறது. நம் குளங்கள் சங்கிலி. மேல்குளம் நிறைந்து, மிஞ்சிய நீர் மறுகால் வழியே பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும். மறுகால் ஓடை தூர்ந்தாலோ, அதன்மேல் வீடோ ரோடோ வந்துவிட்டாலோ, தண்ணீர் கரைமேல் ஏறும். ஒரு மேல்குளம் உடைந்தால் அதன் முழுத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழ்க்குளத்தில் போய் இடித்து அதையும் உடைக்கும். மறுகாலில் பலகை சொருகியும் மண்மூட்டை அடுக்கியும் அரை அடி கூடுதலாகத் தேக்கும் பழக்கம் நல்ல வருஷத்தில் பயன் தரும், 2023 மாதிரி வருஷத்தில் கரையையே விலையாகக் கேட்கும்.

தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புக்கான வெள்ளநீர்க் கால்வாயையும் இந்த இடத்தில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2009இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். கன்னடியன் கால்வாயிலிருந்து எம்.எல். தேரிவரை சுமார் 75 கிலோமீட்டர், வினாடிக்கு 3,200 கன அடி ஓடும். திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்கும் வறண்ட கிணறுகளுக்கும் இது பெரிய கொடை. ஆனால் ஆற்றில் ஒரு லட்சம் கன அடி ஓடும் நாளில் இந்தக் கால்வாய் நூற்றில் மூன்று பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு டிஎம்சி எடுக்க மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். வெள்ளத்தைத் தடுக்கும் கால்வாய் என்று நம்பி ஆற்றங்கரையில் வீடு கட்டுவது ஆபத்து. வெள்ளம் வடிந்த பிறகும் வாரக்கணக்கில் ஓடும் மிச்ச நீரை இழுப்பதில்தான் அதன் பயன்.

சட்டம் இப்போது கைவசம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமான எல்லா அணைக்கும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, முழுமையான பாதுகாப்பு மதிப்பீடு, அவசரகாலச் செயல்திட்டம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அவசரகாலச் செயல்திட்டம் என்றால், இத்தனை கன அடி விட்டால் எந்த ஊரில் எந்தத் தெருவரை தண்ணீர் வரும், எவ்வளவு நேரத்தில் வரும், யார் யாருக்குப் போன் செய்வது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்கவைப்பது என்பதெல்லாம் எழுதிய கட்டு. ஒரே ஆற்றில் மின்சாரம் எடுப்பவர்கள் ஒரு துறை, பாசனத்துக்குத் திறப்பவர்கள் இன்னொரு துறை, ஊரை வெளியேற்றுபவர்கள் மூன்றாவது துறை. மூன்று பேர் கையிலும் இருப்பது ஒரே தாளாக இருக்க வேண்டும். வண்ணார்பேட்டையிலும் குறுக்குத்துறையிலும் ஆழ்வார்திருநகரியிலும் ஆற்றோரம் குடியிருப்பவர்கள் தங்கள் தெருவின் பெயர் அந்தத் தாளில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்க உரிமை இருக்கிறது.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணி. மணிமுத்தாறில் இன்னும் ஒரு டிஎம்சி இடம் இருக்கிறது, வரத்து 30 ஆயிரம் கன அடி, மலையில் மழை நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 11,574ஐ 30,000ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் ஒன்பதே கால் மணி நேரம். அதிகாலை மூன்றே கால் மணிக்கு அணை நிரம்பும், அதற்குமேல் வருவதெல்லாம் அப்படியே ஆற்றுக்குத்தான். ஒலிபெருக்கி வண்டி ஆற்றோரத் தெருக்களுக்குள் போக வேண்டியது இரவு எட்டு மணிக்கு, ஜனங்கள் சாப்பிட்டுவிட்டு இன்னும் விழித்திருக்கும்போது.